பின்னால் நின்றது யார்?

போன மாதம் பெரம்பலூரில், பால்வாடி வேலைக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்று ஒரு வருஷமாக வீட்டில் சும்மா இருக்கும் என்னையும் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டார்கள். அரியலூர்ப் பக்கம் ஒரே ஊரில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஆறு மாசக் கொழந்தைக்கு என்னென்ன பொம்ம குடுக்கலாம்னு ஒரு லிஸ்ட் சொல்லுங்க. அம்மாங்களுக்கு வாட்ஸப்புல போட்டுவுட்டுடறோம்" என்றாள்.

சொன்னேன். லிஸ்ட் சொல்வதற்கு என்ன, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, சிவப்பு மூடி, துணிப்பந்து, கைக்குட்டை, கிலுகிலுப்பை. அந்தப் பெண்களின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பெட்டியில் படம் போட்டு வரும் சாமான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள் போல. ஆனாலும் கைதட்டி, ஒரு துண்டும் போர்த்தி அனுப்பிவைத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. சொல்ல வேண்டியது ஒன்று இருக்க, டம்ளரையும் கரண்டியையும் சொல்லிவிட்டுத் துண்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாவது படித்திருந்தேன், உள்ளூரிலேயே வாக்கப்பட்டிருந்தேன், வேலை கிடைத்தது. திருச்சியில் பயிற்சி. எடை போடுவது, சத்துமாவு உருண்டை பிடிப்பது, பாட்டு. விளையாட்டுச் சாமான் பற்றியும் ஒரு வகுப்பு இருந்தது. அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டோம். நானும்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை அட்டைப்பெட்டியில் விளையாட்டுச் சாமான் வரும். வந்த கையோடு தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவேன். உடைந்தாலும் தொலைந்தாலும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? மேலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் எடுத்துப் பரப்பி வைப்பேன். அவர்கள் ஜீப் ஏறியதும் எண்ணி உள்ளே போடுவேன். எங்கள் ஊரில் பல வருஷத்துக் குழந்தைகள் அந்தப் பொம்மைகளை வேடிக்கைதான் பார்த்தன.

அந்தப் பெட்டிச் சாவியை முதல் நாளே கேட்டு வாங்கியவர் பிரேமா மேடம். எங்கள் வட்டாரத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவர். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர், ஒல்லியாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருப்பார். எனக்கு மனசுக்குள் பொருமல். நான் பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கிவிட்டேன், கல்யாணமே ஆகாத இந்தப் பெண் வந்து எனக்குக் குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறதா என்று நினைத்தேன். வெளியே "வாங்க மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் அதில் உட்காரவில்லை.

அவர் செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். வாசலிலேயே கைவளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். குழந்தைக்கு இரண்டு முழம் தள்ளித் தரையில் உட்காருவார். தூக்க மாட்டார், கன்னத்தைக் கிள்ள மாட்டார், வாயால் சத்தம் எழுப்ப மாட்டார். வெறுமனே பார்ப்பார். ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம். எனக்குக் கால் மரத்துப்போகும். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்பு மூடியை எடுத்து, குழந்தையின் முகத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாக நகர்த்துவார். கண் கூடவே வருகிறதா என்று பார்ப்பார். மூடியைத் தரையில் வைத்து அதன்மேல் கைக்குட்டையைப் போடுவார். கைக்குட்டையை இழுத்து மூடியைத் தேடுகிற குழந்தைக்கு, கண்ணில் படாத பொருளும் இருக்கிறது என்று புரிந்துவிட்டது என்பார். டம்ளருக்குள் கரண்டியைப் போட்டு எடுப்பதையே ஒரு பெரிய படிப்பு மாதிரி கவனிப்பார்.

அவர் பையில் ஒரு வயதுக் குழந்தையின் பிளாஸ்டிக் வளையல் ஒன்றும் இருக்கும். எந்தப் பொம்மையானாலும் அந்த வளையலுக்குள் விட்டுப் பார்ப்பார். உள்ளே போனால் தொண்டைக்குள்ளும் போகும், குப்பையில் போடு. பொம்மையின் கண்ணைப் பிடித்து இழுப்பார். ஈரத்துணியால் துடைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். என் பெட்டியிலிருந்த சாமானில் கால்வாசி அன்றைக்கே வெளியே போனது. ஒரு வீட்டில் தாய்மாமன் சீராக வைத்த சக்கர வாக்கரைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். "நல்லா இருக்குங்க. கவுத்துப் போட்டுக் கோழிக்குஞ்ச அடைச்சு வைங்க. புள்ள தரையிலயே தவழட்டும்" என்றார். சிரிக்காமல் சொன்னதால் அவர்களுக்குக் கோபப்படவும் தெரியவில்லை.

காது பார்ப்பதில்தான் அவர் ரொம்பக் கறார். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அம்மா மடியில் குழந்தை. ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து மூடியைக் காட்டிக் குழந்தையின் கவனத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் மூடியை மறைத்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்னொருத்தர் பின்னால், பக்கவாட்டில், காது உயரத்தில் ஒரு கை தூரத்தில் கிலுகிலுப்பையை மெல்ல ஆட்ட வேண்டும். நிழல் விழக் கூடாது, புடவைக் காற்றுப் படக் கூடாது, வளையல் குலுங்கக் கூடாது, பூ வாசனைகூடக் கூடாது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி. அப்போதும் திரும்பாவிட்டால் திருச்சிக்கு அனுப்பு. "புள்ளைங்க நம்மள ஏமாத்தாதுங்க வசந்தாக்கா. நாமதான் ஏமாறணும்னு ஆசப்பட்டு ஏமாறுவோம்" என்பார்.

சின்னப் பெண் பேசுகிற பேச்சா என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது. மத்தியானம் பாறைக்கு வேட்டு வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும். ஊர் முழுக்கக் கேட்கும். சற்றுப் பொறுத்து வேட்டு. தரை ஒரு குலுங்கு குலுங்கும். அலமாரியில் பாத்திரம் கிணுகிணுக்கும், தூளி கட்டிய விட்டத்திலிருந்து மண் உதிரும். புதிதாக வருகிறவர்கள் பதறுவார்கள். எங்களுக்கு அது சாப்பாட்டு மணி மாதிரி.

எங்கள் ஊருக்குத் திருமானூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் செல்வி. சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். அவர் குவாரியில் லாரி ஓட்டினார். இருபது வயதில் முதல் குழந்தை, பெண். ஓவியா என்று பேர் வைத்தார்கள். நல்ல எடை, நல்ல நிறம், அழுகையே இல்லாத குழந்தை. செல்விக்குப் பேச்சு குறைச்சல், ஆனால் கவனம் ஜாஸ்தி. ஓவியாவுக்கு ஏழு மாதம் ஆனபோது ஒருநாள் சத்துமாவு வாங்க வந்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், பாப்பா கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது. எதுக்க வந்து நின்னா சிரிக்குது. பின்னாடி நின்னு கூப்புட்டா அது பாட்டுக்கு இருக்கு."

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பால்வாடியில் எனக்கு உதவிக்கு இருந்த ஆயா அன்றைக்கு லீவு. இரண்டு ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயா வந்த பிறகு போயிருக்கலாம். ஆனால் அந்த வாரம் தலைக்கு மேல் வேலை, மாதக் கடைசி. இது என்ன பிரமாதம், நான் பார்க்காத குழந்தையா என்று கிளம்பிவிட்டேன். வளையலைக்கூடக் கழற்றவில்லை.

செல்வி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் பின்னால் போய்க் கிலுகிலுப்பையை ஆட்டினேன். ஓவியா திரும்பவில்லை. இன்னொரு பக்கம் ஆட்டினேன். திரும்பவில்லை, அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. பலமாக ஆட்டினேன். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவளுக்கு உள்ளே எதுவோ இறங்கிவிட்டது தெரிந்தது. சரி, இரண்டு வாரம் கழித்து ஆயாவோடு வந்து மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுத நோட்டை எடுத்தேன்.

அப்போது குவாரியில் சங்கு ஊதி வேட்டு வெடித்தது. தரை குலுங்கியது. ஓவியா தூக்கிவாரிப் போட்டு, இரண்டு கையையும் விரித்து, உதட்டைப் பிதுக்கி அழுதது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி. "பாத்தியா செல்வி, வேட்டுக்கு அழுவுது. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு? காது நல்லாக் கேக்குது. கிலுகிலுப்ப பழசாயிப் போச்சு, அதுல சத்தமில்ல" என்றேன். செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, காதுக்கு நேரே 'சரி' என்று எழுதினேன்.

அந்த வாரக் கூட்டத்தில் பிரேமா மேடம் ஒவ்வொருவர் நோட்டையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஓவியா பக்கத்தில் விரலை வைத்து, "பின்னாடி நின்னது யாருக்கா?" என்று கேட்டார்.

"ஆயாதான் மேடம். நான் முன்னாடி உக்காந்துருந்தேன்."

யோசிக்காமல் வந்த பொய். அத்தனை டீச்சர்கள் முன்னால் என் தங்கை வயதுகூட இல்லாத பெண்ணிடம் தனியாகத்தான் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சரி என்று எழுதியதை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

பத்து மாதம் இருக்கும்போது செல்வி ஒருமுறை வந்து, "முன்ன ங்கா ங்கான்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சு, இப்ப அதுவும் கொறஞ்சுபோச்சு டீச்சர்" என்றாள். அவள் வீட்டுக்காரரே மூன்று வயதில்தான் பேசினாராம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். ஒன்றரை வயதில் மறுபடி கேட்டாள். "நீ ஒருத்தி, சும்மா சந்தேகப்பட்டுக்கிட்டு" என்று செல்லமாக அதட்டினேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஓவியாவும் என்னை ஏமாற வைக்கிற மாதிரியே இருந்தாள். படு சூட்டிகை. மூடிகளைப் பெரிசு சிறிசு பார்த்து அடுக்குவாள். கைக்குட்டைக்கு அடியில் ஒளித்ததைச் சட்டென்று எடுப்பாள். கதவருகே யார் நிழல் விழுந்தாலும் முதலில் திரும்புவது அவள்தான். விளையாட்டில் இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

இரண்டு வயது தாண்டிய பிறகு அவளை என்னிடம் கொண்டுவந்து விட ஆரம்பித்தாள் செல்வி. பிள்ளைகள் வேட்டுக்குப் பயப்படாமல் இருக்க நான் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். சங்கு ஊதியதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார வேண்டும். வேட்டு வெடித்ததும் "டமார்" என்று கத்திக்கொண்டு எழ வேண்டும். ஓவியாவும் செய்வாள். ஆனால் மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வருவாள். அதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

ஐப்பசி மழைக்காலம். ஒருநாள் ஓவியா சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூடி அடுக்கிக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. பிள்ளைகள் அவளுக்குப் பின்பக்கமாக ஓடி வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் திரும்பவில்லை. காத்திருந்தோம். வேட்டு வெடிக்கவில்லை, மழையால் நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்துச் சங்கு மறுபடி ஊதியது, இன்றைக்கு வேட்டு இல்லை என்று சொல்வதற்கு. ஊரே கேட்கிற சங்கு, இரண்டு முறை. ஓவியா ஏழாவது மூடியை ஆறாவது மூடியின்மேல் வைத்துவிட்டு, சாய்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

தினமும் சங்குக்குப் பின்னாலேயே வேட்டு வந்ததால் இது இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. அந்தக் குழந்தை ஒருநாளும் வேட்டைக் கேட்டதில்லை. தரை குலுங்கியதற்குத்தான் அழுதிருக்கிறது. ஏழு மாதத்தில் சிமெண்டுத் தரையில், அம்மா மடியில் இருந்தபடி. எழுந்து போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வளையலைக் கழற்றிவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் பிரேமா மேடத்தின் ஆபீசுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், ஆயா இல்லாததையும் சேர்த்து. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் தேடி, அன்றிலிருந்து விரல் விட்டு எண்ணினார்.

"பத்தொம்பது மாசம்" என்றார். நோட்டை மூடிவிட்டு, "அன்னிக்கு நானும் ஆயாவக் கூப்ட்டு ஒரு வார்த்த கேட்ருக்கணும்க்கா" என்றார். அதோடு சரி. அந்த வாரமே செல்வியைத் திருச்சிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். தூக்க மருந்து கொடுத்துத் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்காது என்றார்கள். சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டார். செல்வி தலையை ஆட்டினாள். பிறகு, "ஒரு வயசுக்குள்ள வந்துருந்தா நல்லாப் பேச வெச்சிருக்கலாமேம்மா, ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார். செல்வி என்னைப் பார்க்கவில்லை. "எங்களுக்குத் தெரியலங்க சார்" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் இழுபறிதான். காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்கு வீட்டில் பயந்தார்கள், நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தள்ளிப்போனது, முடிகிறபோது அவளுக்கு நாலு வயது. பேச்சுப் பயிற்சிக்காக வாரம் இரண்டு முறை பஸ் ஏறினாள் செல்வி. சத்தம் கேட்கிறது, ஆனால் எது என்ன சத்தம் என்று பிரித்தெடுக்க அந்த மூளைக்குப் பழக்கமில்லை. ஓவியாவுக்கு இப்போது பத்து வயது. அம்மா, தண்ணி, வேணாம், வலிக்குது: இன்னும் இருபது முப்பது வார்த்தை இருக்கலாம். திருச்சியில் காது கேளாதவர்கள் பள்ளியில் தங்கிப் படிக்கிறாள். பிரேமா மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். என்மேல் ஒரு நடவடிக்கையும் வரவில்லை. ஓய்வு பெற்றபோது எனக்கு மாலை போட்டார்கள்.

பெரம்பலூரிலிருந்து திரும்பிய மறுநாள் செல்வி வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷம் அந்தத் தெரு வழியாகவே நான் போனதில்லை. பள்ளி லீவுக்கு ஓவியா வந்திருந்தாள். செல்விக்கு ஆறு மாதத்தில் ஒரு பையன் இருந்தான். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ள அவளுக்கு இத்தனை வருஷம் தைரியம் வரவில்லை. அவள் இரண்டு கையும் மொட்டையாக இருந்தது. ஒரு வளையல் இல்லை. புருஷன் இருக்கிற பெண் அப்படி இருந்தால் எங்கள் ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"என்ன செல்வி, கையி இப்படி?"

"வளையல் போட்டுக்கிட்டுக் கூப்ட்டா, இவன் எதுக்குத் திரும்புறான்னு தெரியாதுல்ல டீச்சர். பிரேமா மேடம் அப்ப சொன்னாங்க. இவன் பொறந்ததுலேருந்து போடறதில்ல."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு ஆள் வேண்டும், நான் தனியாக வந்தேன், ஆயா நின்றதாகப் பொய் சொன்னேன் என்று. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. செல்வி பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அந்தப் பொய்யி எனக்குத் தெரியாது டீச்சர்" என்றாள். "ஆனா மொதல்ல சந்தேகம் வந்தது எனக்கு. மூணு தடவ வந்து கேட்டேன். நாலாவது தடவ கேக்காம வுட்டேன் பாருங்க, அதத்தான் இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அது உன் தப்பு இல்லை என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில இவன் பொறந்த அன்னிக்கே மெஷின் வெச்சுப் பாத்தாங்க. பாஸுன்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பத்தல" என்று எழுந்தாள். "வூட்டுல ரெண்டு ஆளு சேர மாட்டேங்குது. இப்ப நீங்க இருக்கீங்கள்ல. செத்த முன்னாடி உக்காருங்க."

பையனைத் தன் மடியில் வைத்துக்கொள்ள ஓவியாவுக்குச் சைகை காட்டினாள். ஓவியா சம்மணமிட்டு உட்கார்ந்து தம்பியை ஏந்திக்கொண்டாள். அவள் காதுக்கு வெளியே மாட்டுகிற கருவி வயர் அறுந்து, மாற்றுவதற்காக அலமாரியில் கிடந்தது. செல்வி ஒரு சிவப்பு மூடியை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பில்லாத காலோடு பின்னால் போனாள். நான் மூடியைக் காட்டினேன். பையன் பார்த்தான். மூடியை மறைத்தேன். செல்வி மெல்லிய குரலில், ஊதுகிற மாதிரி, அவன் பேரைச் சொன்னாள்.

அவன் திரும்பினான். ஓவியா அவன் திரும்புவதைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள். எதற்காகத் திரும்புகிறான் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். செல்வி மறுபக்கம் நகர்ந்தாள். மறுபடி மூடி, மறுபடி குரல். திரும்பினான். ஒவ்வொரு முறையும் தம்பி திரும்பிய பிறகு, அவன் பார்த்த பக்கம் அக்கா திரும்பினாள்.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, என்னால் தாங்க முடியவில்லை. "போதும் செல்வி. நல்லாக் கேக்குது" என்றேன்.

"அன்னிக்கும் இதத்தான் டீச்சர் சொன்னீங்க" என்றாள் அவள், பின்னாலிருந்து, அதே மெல்லிய குரலில். பையன் அதற்கும் திரும்பினான். நான் மூடியை மறுபடி தூக்கிப் பிடித்தேன்.